பால்மரத்துப் பாட்டிக்கு மாக்கெட்: களிமண்ணா, பிரிண்டா?

6 பிப்ரவரி 2025, இரவு 9.12 (கோலாலம்பூர் செந்தூல்காரன் கேட்டது)

அக்கா, நண்பர்கள் சேர்ந்து ஒரு அனிமேஷன் குறும்படம் செய்கிறோம். கதாநாயகி எஸ்டேட் பாட்டி, பால்மரம் வெட்டுபவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுப்பவர். முதலில் களிமண்ணில் மாக்கெட் (பாத்திரத்தின் சிறு மாதிரிச் சிலை) செய்யவேண்டும், அதை ரெசினில் (ஊற்றினால் கெட்டியாகிற பிளாஸ்டிக் திரவம்) வார்த்து அனிமேட்டர் ஆளுக்கு ஒன்று கொடுக்கவேண்டும் என்று இயக்குநர் ஒற்றைக்காலில் நிற்கிறார். ஸீபிரஷ் என்ற கணினிச் சிற்ப மென்பொருளில் செதுக்கி ரெசின் 3டி பிரிண்டரில் அடித்தால் வேலை சீக்கிரம் முடியும், கையும் அழுக்காகாது. இந்தக் காலத்தில் களிமண் வெறும் பந்தா என்பது என் கட்சி. இல்லை என்றால் ஏன் என்று சொல்லுங்கள்.

7 பிப்ரவரி, காலை 7.50 (அக்காவின் பதில்)

நான் இயக்குநர் கட்சி. நீங்கள் அனுப்பிய மூன்று படங்களையும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

பாட்டி காதில் தண்டட்டி போட்டிருக்கிறார். நேர்ப் பார்வையில் இரண்டும் தாடைக்கு வெளியே தொங்குகின்றன. முக்கால் பார்வையிலும் இரண்டும் முழுசாகத் தெரிகின்றன. பக்கவாட்டில் பார்த்தால் ஒன்று கன்னத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது. காகிதத்தில் இதெல்லாம் நடக்கும். மிக்கி மவுஸ் எந்தப் பக்கம் திரும்பினாலும் காது இரண்டும் வட்டமாகவே தெரிவதில்லையா, அதே வித்தை. உங்கள் படமோ முப்பரிமாணம். காது எந்த இடத்தில் முளைக்கிறது, தண்டட்டி எவ்வளவு கீழே இறங்குகிறது, பாட்டி குனிந்தால் அது தோளில் இடிக்குமா என்று யாராவது ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். ஸீபிரஷ்ஷில் உட்கார்ந்தால் அந்த ஒருவர் நீங்கள்தான், ராத்திரி 2 மணிக்கு, தனியாக. அழகாகத் தெரிகிற கோணத்தில் நிறுத்தி ஒரு படம் எடுத்து அனுப்புவீர்கள். இயக்குநர் சூப்பர் என்பார். ரிக் (உருவத்தைக் கணினியில் அசைக்க உள்ளே வைக்கிற எலும்புக்கூடு) போட்டு முடித்த பிறகு அனிமேட்டர் வந்து, கழுத்தைத் திருப்பினால் தண்டட்டி தோளுக்குள் போகிறது என்பார்.

களிமண் உருவம் மேசைமேல் நின்றால் சுற்றி நிற்கிற நாலு பேரும் நாலு கோணத்தில் பார்க்கிறார்கள். பிடித்த கோணத்தை மட்டும் காட்டித் தப்பிக்க முடியாது. சண்டை அங்கேயே வரும், அங்கேயே தீரும்.

டிஸ்னியில் 1930களின் கடைசியில் ஜோ கிராண்ட் தலைமையில் இதற்கென்றே ஒரு மாடல் பிரிவு இருந்தது. எல்லாம் கையால் வரைந்த படங்கள்தான். ஆனாலும் பாத்திரத்தைச் சிலையாகச் செய்து, பிளாஸ்டரில் வார்த்து, அனிமேட்டர்களின் மேசைக்கு அனுப்பினார்கள். பல பேர் ஒரே மூக்கை வரையும்போது மூக்கு பல விதமாகப் போய்விடக் கூடாதே.

7 பிப்ரவரி, மதியம் 1.05

ஸீபிரஷ்மேல் எனக்குக் கோபம் இல்லை, அதுவும் எனக்குச் சோறு போடுகிறது. இயந்திரம், கவசம், கார் என்றால் நானே களிமண்ணைத் தொடமாட்டேன். இது சுருங்கிய தோலும் சேலை மடிப்பும் கூனும் உள்ள கிழவி.

சரி, சனிக்கிழமை செத்தாபாக்குக்கு வாருங்கள். களிமண்ணுக்குள் எலும்புக்கூடாக வைக்கிற கம்பி என்னிடம் இருக்கிறது.

8 பிப்ரவரி, இரவு 10.30

கம்பி வேலை முடிந்தது. பின்னால் தேடி வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாக எழுதி வைக்கிறேன்.

உயரம் 28 செ.மீ. என்று வைத்தோம். அலுமினியக் கம்பியை இரண்டாக மடித்து, ஒரு முனையை டிரில்லில் மாட்டி முறுக்கிக் கொள்ளவேண்டும். ஒற்றைக் கம்பியாக இருந்தால் களிமண் அதைச் சுற்றி வழுக்கிக்கொண்டே இருக்கும். முறுக்கின் பள்ளத்தில்தான் பிடி கிடைக்கிறது. இடுப்பு, தோள் சந்திப்புகளில் எபாக்சி புட்டி (பிசைந்து வைத்தால் கல்லாகிற பசை). காலிலிருந்து கம்பியைப் பலகைக்குக் கீழே இறக்கி ஆணி அடித்தோம். வயிற்றிலும் தலையிலும் அலுமினியத் தாளைக் கசக்கி இறுக்கிச் சுற்றினோம். களிமண் மிச்சமாகும், எடையும் குறையும்.

முதுகு வளைவைக் கம்பியிலேயே கொண்டுவந்துவிட வேண்டும். பையன்கள் முதலில் நேராக நிறுத்தி வைத்திருந்தார்கள், களிமண் போடும்போது கூன் வைத்துக்கொள்ளலாம் என்று. அப்படி வைத்த கூன் முதுகில் மூட்டை கட்டியது மாதிரி இருக்கும். குனிந்து குனிந்து வெட்டின உடம்பு இடுப்பிலிருந்தே வளைந்திருக்கும்.

எந்தக் களிமண் என்று கேட்டிருந்தார்கள். வழி இரண்டு. சூப்பர் ஸ்கல்பி மாதிரி பாலிமர் களிமண் என்றால் 130 டிகிரி செல்சியஸில், 6 மி.மீ. தடிமனுக்கு 15 நிமிடம் என்ற கணக்கில் அடுப்பில் சுடவேண்டும். சுட்டதும் கெட்டியாகிவிடும், சீவலாம், மணல்தாள் போடலாம். கதவைத் திறந்து உடனே வெளியே எடுக்காமல் அடுப்புக்குள்ளேயே ஆறவிட்டால் வெடிப்பு குறையும். எண்ணெய்க் களிமண் எத்தனை நாள் ஆனாலும் காயாது. வார்க்கப் போகிறோம், இயக்குநரும் மனம் மாறுகிற ஆள், ஆகவே எண்ணெய்க் களிமண்.

நம் ஊரில் ஒரு தொல்லை உண்டு. மதியம் அறை 32, 33 டிகிரிக்குப் போனால் மென்மையான வகையெல்லாம் குழைந்துவிடும். ஒரு சுருக்கம் போட்டு முடித்துத் திரும்பினால் விரல் பட்டு அடுத்த கன்னம் நசுங்கியிருக்கும். கெட்டி வகை வாங்குங்கள். நுண்ணிய வேலைக்கு முன்னால் தலையைச் சிறிது நேரம் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். இதற்காகவே நான் தலையைக் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்கிறேன். மீன் பக்கத்தில் கிழவி தலையைப் பார்த்து என் மாமியார் ஒரு முறை கத்தியிருக்கிறார்.

11 பிப்ரவரி, இரவு 11.58

தைப்பூசத்துக்குப் போய்ப் பத்துமலையிலிருந்து இப்போதுதான் வந்தேன். கால் கால் மாதிரி இல்லை. 42.7 மீட்டர் முருகன் சிலையை 2006 முதல் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், இன்றைக்கும் அடியில் நின்று உள்ளே எத்தனை கம்பி என்றுதான் யோசித்தேன். தொழில் புத்தி.

படிக்கட்டுக்குக் கீழே மோர்ப் பந்தல் பக்கம் வயதான அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். காதில் நகை இல்லை, வளர்த்த காது மட்டும் தொங்கியது. நம் பையன்கள் அந்தக் காதை வெறும் வட்ட வளையமாக வரைந்திருந்தார்கள். உண்மையில் அது வட்டமே இல்லை. மேலே இரண்டு பக்கமும் தடிமனாக ஆரம்பித்து, கீழே வரவர மெலிந்து, அடியில் ஓர் இடத்தில் கயிறாகிவிடுகிறது. உள்விளிம்பு மழமழவென்று இருக்கிறது, வெளிவிளிம்பில்தான் சுருக்கம். அவர் தலையைத் திருப்பியபோது காது ஒரு கணம் தாமதித்துத் திரும்பியது. படம் எடுக்கக் கேட்கக் கூச்சமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் வரைந்துவிட்டேன், நாளை அனுப்புகிறேன்.

12 பிப்ரவரி, மாலை 6.20

பாட்டிக்கு எத்தனை தலை உயரம் என்று குழுவில் அடித்துக்கொள்கிறார்களாம். இயக்குநர் நாலு என்கிறார், செந்தூல்காரன் ஐந்தரை என்கிறார்.

சிற்ப சாஸ்திரத்தில் இதற்குத் தாளக் கணக்கு இருக்கிறது. முகத்தின் நீளம் ஒரு தாளம், அது 12 அங்குலம் (இந்த அங்குலம் இஞ்ச் இல்லை, சிலையின் முகத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு). நவதாளம் என்றால் ஒன்பது முகம், 108 அங்குலம். பெரிய தெய்வங்களுக்குத் தசதாளம். பிள்ளையாருக்குப் பஞ்ச தாளம். பூதகணங்களுக்கு நாலு. சுவாமிமலையில் தென்னை ஓலையை நறுக்கி, மடித்து மடித்துத்தான் இந்த அளவைக் குறித்துக்கொள்கிறார்கள். அடிக்கோல் தேவையில்லை, சிலை எந்த உயரமானாலும் ஓலையின் மடிப்பு விகிதத்தைக் காட்டிவிடும். நானும் மாக்கெட்டுக்கு ஒரு காகித நாடாவை அப்படித்தான் மடித்து வைத்துக்கொள்கிறேன், ஸ்கேலைவிட வசதி.

ஆக இயக்குநர் கேட்பது பூதகணக் கணக்கு. திட்டவில்லை. கோயில் விமானத்தில் பார்த்தால், இருப்பதிலேயே சேட்டையான முகங்கள் பூதகணங்களுக்குத்தான்.

13 பிப்ரவரி, காலை 8.15

பினாங்கு வாசகர் ஒருவர் சரியான இடத்தில் பிடித்தார். தாளம் முகத்தின் அளவு, நெற்றி மயிர் தொடங்கும் இடத்திலிருந்து முகவாய் வரை. அனிமேஷன்காரர்கள் எண்ணுவது உச்சியிலிருந்து முகவாய் வரை, முழுத் தலை. கொண்டை வைத்த பாட்டி என்றால் இன்னும் குழப்பம். ஆகவே இந்த நாலும் அந்த நாலும் ஒன்றில்லை. தாளக் கணக்கில் நாலு என்றால் அனிமேஷன் கணக்கில் மூன்றுக்குச் சற்று மேலே வரும். நாடாவை அதன்படி திரும்ப மடித்தேன். மண்டை ஓட்டுக்கு மட்டும் கணக்கு, கொண்டைக்குக் கணக்கு இல்லை என்று முடிவு.

22 பிப்ரவரி, இரவு 9.40

இன்று முழுக்க முகம்.

சேலைமேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, நெற்றி விளக்கு, இதெல்லாம் முதலிலேயே உட்கார்ந்துவிட்டது. விடியுமுன் இருட்டில் வெட்டப் போகிற ஆளுக்குக் கொசுவுக்குச் சட்டையும் வெளிச்சத்துக்கு விளக்கும் இல்லாமல் முடியாது. மோதல் வந்தது கன்னத்தில். நான் வலது கன்னத்தை உப்பலாக வைத்தேன், வெற்றிலை அடக்கியிருக்கிறார். செந்தூல்காரன் துள்ளினார்: "அக்கா, முகம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால்தான் ரிக் போட முடியும்."

அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. கணினியில் பாதி முகம் செய்து மறுபாதிக்குப் பிரதி போடுவார்கள். வாயசைவு, கண்ணசைவு எல்லாம் அந்த நடுநிலை முகத்திலிருந்து கிளம்பும். வெற்றிலை உப்பலை ரிக்கில் தனி அசைவாக வைத்துக்கொள்ளலாம். அதற்காக மாக்கெட்டையும் கையை விரித்து, முகத்தைத் துடைத்து வைத்தது போல் நிறுத்தினால் அது துணிக்கடைப் பொம்மை. அனிமேட்டர் எதற்கு அதைப் பார்க்கவேண்டும்? அவருக்குத் தெரியவேண்டியது பாட்டி சும்மா நிற்கும்போது எப்படி நிற்பார் என்பது. எடை எந்தக் காலில், வாளி எந்தக் கையில், யாராவது கூப்பிட்டால் முதலில் திரும்புவது தலையா தோளா.

கன்னம் உப்பியபடியே இருக்கட்டும் என்று இயக்குநர் தீர்ப்பு சொல்லிவிட்டார்.

சுருக்கத்துக்கு ஒரு வழி. களிமண்ணில் கருவியை நேராக இழுத்தால் கோட்டின் இரண்டு கரையிலும் பிசிறு எழும்பும், தோல் மாதிரி இருக்காது. உணவு சுற்றுகிற மெல்லிய பிளாஸ்டிக் தாளை முகத்தின்மேல் விரித்து, அதன் மேலிருந்து முனை மழுங்கிய கருவியால் அழுத்துங்கள். பள்ளம் விழும், கரை தானாகவே உருண்டு வரும். ஆழமான சுருக்கங்களுக்கு ஒரு தாள், மேலோட்டமானவற்றுக்கு இரண்டு மூன்று தாள். கடைசியில் சிறு தூரிகையை லைட்டர் திரவத்தில் தொட்டு லேசாகத் தடவினால் விரல்ரேகை போய்விடும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யவும், பக்கத்தில் சாம்பிராணி கூடாது. சிரிக்காதீர்கள், எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது நடக்கக்கூடிய விஷயம்.

சுருக்கத்தைப் பரவலாகத் தூவாதீர்கள். எந்தத் தசை இழுத்து வந்ததோ அதற்குக் குறுக்காகத்தான் மடிப்பு விழும். இருட்டில் கண்ணை இடுக்கிப் பட்டையைப் பார்த்தே பழகியவர், ஆகவே புருவத்துக்கு நடுவிலும் கண் ஓரத்திலும் ஆழம். கன்னத்தில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

24 பிப்ரவரி, மதியம் 12.30

"தண்டட்டி போட்டுக்கொண்டு யாராவது தோட்டத்துக்குப் போவார்களா? தொழிலுக்குப் போகும்போது கழற்றித் தகரப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் போவார் எங்கள் அப்பாயி" என்று கிள்ளான் வாசகர். நியாயமான கேள்வி. பதினேழு நாளாக யாருக்கும் தோன்றவில்லை பாருங்கள். இயக்குநரிடம் அனுப்பியிருக்கிறேன்.

24 பிப்ரவரி, இரவு 8.00

இயக்குநர் குதிக்கிறார். வேலைக் காட்சிகளில் வெறும் காது, கடைசிக் காட்சியில் மட்டும் தண்டட்டி. கதையே கொஞ்சம் நல்லதாகிவிட்டது என்கிறார். எனக்கும் நிம்மதி, தண்டட்டி தனித் துண்டு. கழுத்துக்கும் தண்டட்டிக்கும் நடுவில் அந்தச் சின்ன இடுக்கில் அச்சுக்கான சிலிகானை (உறைந்தால் ரப்பர் மாதிரி ஆகிற திரவம்) எப்படி நுழைத்து எப்படி வெளியே எடுப்பது என்று அதுவரை கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

2 மார்ச், காலை 10.10

பூச்சோங் வாசகருக்கு: சிலிகான் பல மணி நேரம் ஆகியும் பிசுபிசுப்பாகவே இருக்கிறது என்றால் கலவை அளவை மட்டும் சந்தேகப்படாதீர்கள். நீங்கள் வாங்கியது பிளாட்டினம் வகை, பிளாட்டினத்தின் உதவியால் உறைவது. அதற்குக் கந்தகம் ஆகாது. பள்ளிக்கூடத்து மலிவுக் களிமண்ணிலும் பழைய வகை பிளாஸ்டிலின்களிலும் (எண்ணெய்க் களிமண்) கந்தகம் இருக்கும், தொட்ட இடம் உறையாது. மேலே அக்ரிலிக் ஸ்பிரே அடித்தால் தப்பிக்கலாம் என்பார்கள், சில நேரம் தப்பும், சில நேரம் காலைவாரும். கந்தகம் இல்லாதது என்று எழுதியிருக்கிற களிமண்ணை வாங்குவதுதான் வழி.

கை உறை என்ன போட்டீர்கள்? லேட்டக்ஸ் உறையும் அதே வேலையைச் செய்யும். உலகத்துக்கே ரப்பர் உறை செய்து அனுப்புகிற நாட்டில், வீட்டில் இருக்கிற பெட்டியெல்லாம் லேட்டக்ஸ்தான். வினைல் உறை தேடி வாங்குங்கள்.

ரெசின் பிரிண்டர் கட்சிக்காரர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். சரியாகக் கழுவாத, புற ஊதா ஒளியில் முழுக்க உறையாத பிரிண்ட்டும் பிளாட்டினம் சிலிகானைக் கெடுக்கும். எதுவானாலும் முதலில் ஒரு மூலையில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள்.

2 மார்ச், காலை 10.45

நாங்கள் டின் சிலிகான் எடுக்கிறோம், வெள்ளீயத்தின் உதவியால் உறைகிற வகை. கந்தகம், லேட்டக்ஸ் பற்றிக் கவலை இல்லை. விலையும் கையடக்கம். அது உறையக் காற்றின் ஈரம் வேண்டும், கோலாலம்பூரில் ஈரத்துக்கா பஞ்சம். குறை என்னவென்றால் லேசாகச் சுருங்கும், சில வருஷத்தில் அச்சு பொடிந்துபோகும். நாலு பிரதிக்கு அது போதும்.

8 மார்ச், இரவு 11.20

அச்சு போட்டாயிற்று.

முதலில் வெட்டு. களிமண் பாட்டியை இவ்வளவு நாள் செய்துவிட்டுக் கத்தியால் அறுப்பது பையன்களுக்குத் தாங்கவில்லை. மெல்லிய கம்பியால் தலை, வாளி பிடித்த கை, கத்தி பிடித்த கை மூன்றையும் தனியாக எடுத்தோம். சட்டைக் கை முடிகிற இடம், கழுத்துப்பட்டி, இவைதான் வெட்டுக்கு நல்ல இடங்கள். ஒட்டும்போது இணைப்பு துணி ஓரத்தில் மறைந்துவிடும். ஒவ்வொரு வெட்டிலும் ஒரு பக்கம் சதுரக் குழி, மறுபக்கம் சதுர முளை. வட்டமாக வைத்தால் கை திரும்பிக்கொள்ளும்.

காது வளையத்துக்குள் ஓட்டை இருக்கிறது அல்லவா, அதற்குள் சிலிகான் புகுந்து அடுத்த பக்கத்துடன் சேர்ந்தால், எடுக்கும்போது சிலிகானும் கிழியும், மெல்லிய காதும் ஒடியும். அதனால் ஓட்டையைக் களிமண்ணால் காகிதத் தடிமனுக்கு மூடிவிட்டேன். வார்த்த பிறகு கத்தி முனையால் குத்தித் திறந்துகொள்ளலாம்.

உடம்புக்குத் தூரிகையால் பூசுகிற முறை. முதல் பூச்சு மட்டும் நீர்த்ததாக, சின்னத் தூரிகையால் சுருக்கத்துக்குள்ளெல்லாம் தள்ளவேண்டும், வாயால் ஊதி ஊதிக் குமிழை விரட்டவேண்டும். அடுத்த பூச்சுகளுக்குக் கெட்டியாக்கும் திரவம் சேர்த்தோம், வழியாமல் நிற்கும். பூச்சு காய்ந்து ஒட்டுகிற பதத்தில் இருக்கும்போதே அடுத்தது. கொண்டைக்குக் கீழே, கைமடிப்பில் இருக்கிற பள்ளங்களைச் சிலிகானாலேயே நிரப்பி வெளிப்புறத்தைச் சமமாக்கவேண்டும். இல்லாவிட்டால் மேலே போடுகிற கவசம் கழலாது. கவசத்துக்கு எலும்பு முறிவுக்குப் போடுகிற பிளாஸ்டர் துணி, இரண்டு பாதியாக, நடுவில் வாசலின்.

சிலிகானைப் பின்பக்கம் மட்டும் வெட்டினேன், முந்தானை விளிம்பைப் பிடித்தபடி கொண்டை வரைக்கும். கத்தியை வளைத்து வளைத்து வெட்டவேண்டும், மூடும்போது பல்லோடு பல் உட்காரும். வார்ப்பில் தழும்பு விழுந்தாலும் முந்தானை ஓரமாகத்தான் விழும்.

களிமண் பாட்டி உள்ளேயிருந்து துண்டு துண்டாக வெளியே வந்தார். செந்தூல்காரன் அந்த மூக்கை மட்டும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். எதற்கு என்று கேட்கவில்லை.

9 மார்ச், மதியம் 3.00

"பால்மரம் வெட்டின பாட்டிக்கு ரப்பர் பாலிலேயே அச்சு போட்டிருக்கலாமே" என்று ஜொகூர் வாசகர். கேட்க அழகாக இருக்கிறது. லேட்டக்ஸ் அச்சு பிளாஸ்டருக்கும் மெழுகுக்கும் நல்லது. சுவரில் மாட்டுகிற பிளாஸ்டர் பொம்மைகளை அப்படித்தான் வார்ப்பார்கள். மெல்லிய பூச்சு, காயவிடு, அடுத்த பூச்சு என்று நாள்கணக்கில் இழுக்கும். நம் ஊர் ஈரத்தில் ஒவ்வொரு பூச்சும் காய்வதற்குள் பொறுமை போய்விடும். சுருக்கமும் அதிகம், அம்மோனியா நெடி வேறு. பாலியுரேத்தேன் ரெசினை அதில் ஊற்றினால் அச்சுக்கு ஆயுசு இல்லை. கதைக்குப் பொருத்தம், வேலைக்குப் பொருந்தாது.

15 மார்ச், இரவு 10.05

வார்ப்பு. கோலாலம்பூர் ஈரத்தில் இந்தத் தொழிலின் பாதித் தலைவலி இந்தக் கட்டத்தில்தான்.

பாலியுரேத்தேன் ரெசின் இரண்டு குப்பி, ஏ-யும் பி-யும். ஒன்றில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. தண்ணீர் பட்டால் அது கார்பன் டை ஆக்சைடு விடும், ரெசின் நுரைக்கும். தண்ணீர் என்றால் குழாய்த் தண்ணீர் மட்டும் இல்லை, காற்றில் இருக்கிற ஈரமே போதும். தயாரிப்பாளர்கள் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே, வெப்பம் 23 டிகிரியில் வேலை செய் என்று எழுதுகிறார்கள். இங்கே 80 சதவீதம் என்பது சாதாரண நாள். குப்பியை ஒருமுறை திறந்து மூடி வைத்தால் அடுத்த மாதம் அது வேறு குப்பி. மரக்குச்சியால் கலக்கினால் குச்சிக்குள் இருக்கிற ஈரம்கூட வேலையைக் காட்டும். பிளாஸ்டிக் குச்சி, பிளாஸ்டிக் குவளை.

வெப்பம் இன்னொரு பக்கம். கலக்கிய பிறகு ஏழு நிமிடம் உறையாமல் நிற்கும் என்று குப்பியில் போட்டிருக்கும், அது 23 டிகிரிக்கு. அறை 31-இல் இருந்தால் ஏழை நம்பாதீர்கள். கலக்கி முடித்து அச்சைத் தேடுவதற்குள் குவளை சூடாகி, உள்ளேயே கல்லாகிவிடும்.

சரி, ஏசி போட்டு அறையை மூடினால்? ஈரமும் குறையும், சூடும் குறையும். ஆனால் ஐசோசயனேட் ஆவியை மூடிய அறையில் மூச்சிழுப்பதா? ஒரு தடவை ஒவ்வாமை வந்தால் பிறகு ஆயுசுக்கும் அந்த வாசனை பட்டாலே இழுப்பு வரலாம். நான் செய்வது இது. முந்தைய நாள் இரவிலிருந்தே ஏசியை ஈரம் நீக்கும் நிலையில் ஓடவிடுகிறேன். குப்பி, அச்சு, குவளை எல்லாம் அந்த அறையிலேயே இரவு தங்கும், அச்சும் குளிர்ந்து காய்ந்திருக்கும். ஊற்றும் நேரம் மட்டும் அறைக் காற்றை வெளியே தள்ளுகிற விசிறியைப் போடுகிறேன், கரி வடிகட்டி உள்ள முகமூடியோடு. அந்தச் சில நிமிடத்தில் நுழைகிற ஈரம் பெரிதாகக் கெடுப்பதில்லை. சாதாரணத் துணி முகமூடி இதற்கு உதவாது.

பையன்கள் ஒருவர் கலக்க ஒருவர் ஊற்ற என்று நின்றார்கள். குவளையின் அடியையும் ஓரத்தையும் வழித்துக் கலக்கவேண்டும், பிறகு வேறு குவளைக்கு மாற்றி மறுபடி ஒரு சுற்று. அச்சுக்குள் முதலில் டால்க் பவுடர் தூவி உதறினோம். சின்னக் குமிழ்கள் மேற்பரப்பில் ஒட்டாமல் போக அது உதவும். உடம்பை உள்ளே வெறும் கூடாக வார்த்தோம். கொஞ்சம் ஊற்றி, எல்லாப் பக்கமும் உருட்டித் திருப்பி, உறைந்ததும் அடுத்த ஊற்று. கைகள் முழுத் திடம், விரல் நுனிகளைக் கீழே பார்த்தபடி சாய்த்து ஊற்றவேண்டும், காற்று மேலே வழி கண்டுபிடிக்கும்.

முதல் பாட்டி வெளியே வந்தபோது வலது காது வளையத்தின் அடி, அந்தக் கயிறான இடம், நிரம்பவில்லை. அச்சில் காது மடலிலிருந்து ஒரு ஊசித் துளைக் காற்றுவழி வெட்டினேன். இரண்டாவது பாட்டிக்கு இரண்டு காதும் முழுசு.

16 மார்ச், மாலை 5.15

முதல் பாட்டியின் காதை எபாக்சி புட்டியால் ஒட்டவைத்தாயிற்று, எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. நோன்பு மாத பசார் திறந்துவிட்டது. ஆயாம் பெர்சிக் (மசாலாவில் சுட்ட கோழி) வாங்கப் போகிறேன், பதில் தாமதமாகும்.

22 மார்ச், காலை 9.30

அழுத்தத் தொட்டி வேண்டுமா என்று மூன்று பேர் கேட்டாயிற்று. பெயின்ட் அடிக்கிற தொட்டியை மாற்றி, சுமார் 40 முதல் 60 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ரெசினை உறையவிட்டால் குமிழ் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நசுங்கிவிடும். ஆனால் ஒன்று: அச்சின் சிலிகானுக்குள் குமிழ் இருந்தால் அழுத்தத்தில் அந்தக் குமிழ் நசுங்கி, வார்ப்பின்மேல் பரு பருவாக எழும்பும். அச்சையும் அழுத்தத்திலோ வெற்றிடத்தில் காற்று நீக்கியோ போட்டிருக்கவேண்டும். தொட்டியில் எழுதியிருக்கிற எல்லையைத் தாண்டாதீர்கள். மலிவாகக் கிடைத்தது என்று மூடிப் பிடிப்பு தேய்ந்த தொட்டி வாங்கினால் அது குண்டு.

கண்ணாடி மாதிரி தெளிவான ரெசினுக்கு அது அவசியம். சாம்பல் பாட்டிக்கு டால்க்கும் கைவாகும் போதும்.

5 ஏப்ரல், இரவு 9.00

இழை வேறு பக்கம் போய்க்கொண்டிருக்கிறது, போகட்டும். இந்த நாட்டு அனிமேஷனில் நம்மவர் யார் என்று ஒருவர் கேட்டார். தேடவே வேண்டாம், தொடக்கமே அங்கேதான். அரசுப் படநிறுவனமான பிலெம் நெகாராவில் ஆனந்தம் சேவியர் 1978-இல் செய்து முடித்து 1983-இல் ஒளிபரப்பான 'ஹிகாயாட் சாங் கன்சில்' மலேசியாவின் முதல் அனிமேஷன் குறும்படம். 2007-இல் வந்த 'உப்பின் இப்பின்' வரைக்கும் எல்லோருக்கும் தெரிகிறது, அதற்கு முந்தியதைக் கேட்டால் முழிக்கிறார்கள்.

12 ஏப்ரல், மாலை 4.40

நாலு பாட்டிகளும் சாம்பல் பிரைமரில் நிற்கிறார்கள். வண்ணம் அடிக்கவேண்டாம் என்று இயக்குநரிடம் சொல்லிவிட்டேன். வண்ணம் வந்தால் கண் சேலைக் கரையைப் பார்க்கும், வடிவத்தைப் பார்க்காது. சாம்பல் நிறத்தில் மேசை விளக்கை இப்படி அப்படி நகர்த்தினாலே புருவ நிழல் எங்கே விழும் என்று விளக்குப் போடுகிறவருக்குத் தெரிந்துவிடும். தண்டட்டியின் அடியில் சின்னக் காந்தம், காது மடலுக்குப் பின்னால் இன்னொன்று. மாட்டலாம், கழற்றலாம்.

ஒன்றைச் சுழல்மேடையில் வைத்துச் சுற்றிலும் படம் எடுத்துக் கணினிக்குள் ஏற்றியிருக்கிறார் செந்தூல்காரன். அதன்மேல் ஸீபிரஷ்ஷில் வேலை செய்யப் போகிறாராம். களிமண் பந்தா என்ற தன் கட்சியை வாபஸ் வாங்குகிறாரா என்று கேட்டேன். பிரிண்ட் எடுத்திருந்தாலும் இதே இடத்துக்கு வந்திருப்போம், கொஞ்சம் தாமதமாக என்கிறார். கிள்ளான் வாசகருடைய அப்பாயி கேள்வி பிரிண்ட்டிலும் வந்திருக்கும் என்பது அவர் வாதம். வந்திருக்கலாம். வந்தால் ரிக் போட்ட பிறகு வந்திருக்கும் என்பது என் வாதம். முடியாத வழக்கு.

13 ஏப்ரல், காலை 11.00

பிரதி விலைக்குக் கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு: பாத்திரம் அவர்களுடையது, அவர்களிடம் கேளுங்கள். அச்சை என்னிடம் விட்டுப் போயிருக்கிறார்கள். உள்ளே ஒரு பழுதான வார்ப்பைப் போட்டு மூடி, தட்டையாகக் கிடத்தி வைத்திருக்கிறேன். வெறுமனே நிறுத்தி வைத்தால் சிலிகான் தொய்ந்து உருவம் மாறிவிடும். இன்னும் வார்க்கவேண்டும் என்றால் இந்த வருஷமே வாருங்கள். ரெசின் நீங்கள் வாங்கி வரவேண்டும், திறக்காத குப்பியாக.